வில்லைக்குள் அடைக்கும் நேரம்

கஜா புயல் கரை ஏறிய 2018 நவம்பர் 16க்குப் பிறகு, மின்சாரம் இல்லாமல் ஒரு ஊர் எப்படித் தவிக்கும் என்பதை வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தலைஞாயிறு பக்கம் இருக்கும் என் சித்தப்பா அந்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்: "ஏம்ப்பா, கரண்டு போனா நமக்குத் தண்ணி வராது, அவ்வளவுதான். கரண்டு தயார் பண்ற அணு உலைக்கே கரண்டு போயிட்டா என்னப்பா ஆகும்?"

இதைவிடச் சரியான கேள்வி இருக்க முடியாது. அணு உலைப் பாதுகாப்பில் வேலை செய்பவர்கள் இரவும் பகலும் போட்டு உருட்டும் கேள்வி இதுதான். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவன், ஒரு சின்ன வில்லையில் வந்து நின்றேன். யுரேனியம் டையாக்சைடு பொடியை அழுத்திச் சுட்டு எடுக்கும், சுண்டுவிரல் நுனி அளவே உள்ள எரிபொருள் வில்லை. ஆங்கிலப் பெயரோடு பெல்லட் என்றும் சொல்வோம். அந்த வில்லையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அணு எரிபொருள் செய்பவன் இல்லை. திருச்சியில் உலோகவியல் படித்துவிட்டு, பவுடர் மெட்டலர்ஜி முறையில், அதாவது உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டு, சின்னச் சின்ன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். மேஜை விசிறியிலும் மிக்ஸியிலும் சுழலும் தண்டைத் தாங்கும் வெண்கல புஷ் எங்கள் சரக்கு. பொடி, டை (அச்சு), பஞ்ச் (அழுத்தும் தண்டு), பிரஸ், சின்டரிங் ஃபர்னஸ் (சுடும் உலை) எல்லாம் எனக்கு அன்றாடப் பழக்கம். யுரேனியம் வில்லையும் இதே படிகளில்தான் பிறக்கிறது. அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு ஈடுபாடு.

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம்.

2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46க்கு ஜப்பானில் நிலம் அதிர்ந்தது. ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. இதுவரை எல்லாம் திட்டப்படிதான். ஏறத்தாழ 50 நிமிடம் கழித்து ஆழிப்பேரலை வந்து அந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. அதோடு குளிர்விக்கும் பம்புகள் நின்றன.

உலைதான் நின்றுவிட்டதே, பிறகு எதற்குக் குளிர்விக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. யுரேனியம் அணு பிளப்பது நின்றாலும், ஏற்கெனவே பிளந்து உண்டான துண்டுகள் சிதைந்துகொண்டே இருக்கும், வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை சதவீதம் அளவுக்கு இறங்கும். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் கூடங்குளத்தில் உள்ளதுபோல 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உள்ளுக்குள் 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதில் ஒன்றரை சதவீதம் என்றால் 45 மெகாவாட். சுவிட்சைப் போட்டு இதை அணைக்க முடியாது. தண்ணீர்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். எரிபொருள் கம்பிகள் வெளியே தெரியும். கம்பி என்பது வில்லைகளை வரிசையாக அடுக்கிய சிர்க்கோனியம் கலவைக் குழாய். யுரேனியம் அணுவைப் பிளக்கும் நியூட்ரான்களைச் சிர்க்கோனியம் அதிகம் விழுங்காது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 1200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது நீராவியோடு வேகமாக வினைபுரியும். ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். அந்த வினையே வெப்பத்தைத் தருவதால் சூடு மேலும் ஏறும், வினை மேலும் வேகமாகும். ஃபுகுஷிமா கட்டடங்களின் கூரையைப் பிய்த்தது இந்த ஹைட்ரஜன்தான். அணுகுண்டு வெடிப்பு அல்ல.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதே அலை கல்பாக்கத்துக்கும் வந்தது. அங்கே அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையின் கடல்நீர் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது, குளிர்விப்பும் தடைபடவில்லை. ஆக, கடல் எழுந்து வரும் என்பது நம் கரையில் நடந்து முடிந்த விஷயம். இந்தப் பக்கத்து ஆட்கள் அணு உலை பற்றிக் கேள்வி கேட்டால் அதை அறியாமை என்று தள்ளுபவர்கள் மீது எனக்குக் கோபம் வரும்.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு பல நாடுகள் ஒரே திசையில் யோசிக்கத் தொடங்கின. பம்பும் ஜெனரேட்டரும் வேலை செய்யாத நிலையில், எரிபொருளே சற்று அதிக நேரம் தாங்கி நின்றால் என்ன? மனிதர்கள் ஒரு பம்பைக் கொண்டுவந்து இணைக்கும்வரை தாங்கினால் போதும். விபத்தைத் தாங்கும் எரிபொருள் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். விபத்தே நடக்காது என்று இது சொல்லவில்லை, நேரம் தருகிறேன் என்று மட்டும் சொல்கிறது. அந்த நேரத்தில் ஒரு பங்கு குழாயில் கிடைக்கிறது. சிர்க்கோனியத்தின் மேல் குரோமியம் பூசுவது இப்போது முன்னணியில் இருக்கும் வழி. இன்னொரு பங்கு வில்லையில் இருக்கிறது. குழாயைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். வில்லையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

எங்கள் பக்கத்தில் உலோக வேலை என்றாலே உருக்கி ஊற்றுவதுதான். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். யுரேனியம் டையாக்சைடை அப்படி ஊற்ற முடியாது. அது உருக 2850 டிகிரி வரை போக வேண்டும். அந்தச் சூட்டில் அதைத் தாங்கும் பாத்திரத்துக்கு எங்கே போவது? பொடியாகவே எடுத்து, அழுத்தி, உருகும் சூட்டுக்கு வெகு கீழே, 1700 டிகிரி அளவில் ஹைட்ரஜன் சூழலில் சில மணி நேரம் சுட்டால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் இருக்கும் வெற்றிடம் சுருங்கிக் கெட்டிப்படும். இதுதான் சின்டரிங். எதுவும் உருகுவதில்லை. அணுக்கள் இடம் பெயர்ந்தே இடைவெளியை அடைத்துவிடுகின்றன. முதல் முறை ஒரு புஷ்ஷை ஃபர்னஸிலிருந்து எடுத்துப் பார்த்தபோது எனக்கு இருந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

ஆனால் பிரஸ்ஸும் ஃபர்னஸும் வருவதற்கு முன்பே பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது. யுரேனைல் நைட்ரேட் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்தால் மஞ்சள் நிற வீழ்படிவு கிடைக்கும். அதை வடிகட்டி, உலர்த்தி, காற்றில் சுட்டு, பிறகு ஹைட்ரஜனில் ஆக்சிஜனைக் குறைத்தால் டையாக்சைடு பொடி வரும். வீழ்படிவு உண்டாகும்போது கரைசலின் சூடு எவ்வளவு, எவ்வளவு வேகமாகக் கலக்கினார்கள், அமிலத்தன்மை எங்கே நின்றது என்பதெல்லாம் துகளின் அளவையும் வடிவத்தையும் தீர்மானிக்கும். அந்தக் குணம் கடைசி வில்லை வரை கூடவே வரும். நல்ல பொடி என்றால் ஒரு கிராமுக்குள்ளேயே சில சதுர மீட்டர் பரப்பு இருக்கும். அந்தப் பரப்பைக் குறைத்துக்கொள்ளத் துடிப்பதுதான் சின்டரிங்குக்கு உந்துவிசை. அளவுக்கு மீறி நுண்மையாகப் போனாலோ பொடி காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துச் சூடாகும், தானே பற்றிக்கொள்ளவும் கூடும். அதனால் வேண்டுமென்றே மேற்பரப்பில் கொஞ்சம் ஆக்சிஜனை ஏற்றி அமைதிப்படுத்தி வைப்பார்கள்.

இப்படி வரும் பொடியை நேராக டையில் கொட்டினால் சரியாக இறங்காது. மைதா மாவு புனலில் அடைத்துக்கொள்ளும், ரவை சரசரவென்று இறங்கும், அதேபோல்தான். எனவே பொடியை ஒருமுறை லேசாக அழுத்தி, உடைத்து, சலித்து, ரவை பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். டையின் சுவரில் உராயாமல் இருக்கத் துத்தநாக ஸ்டீயரேட் சிறிதளவு சேர்ப்பார்கள். எங்கள் வெண்கலப் பொடிக்கும் இதே சரக்கைத்தான் சேர்க்கிறோம்.

அப்புறம் பிரஸ். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அழுத்தத்தைக் கூட்டினால் வில்லை உறுதியாகும் என்று நினைப்பார்கள். ஒரு எல்லைவரை உண்மைதான். அதைத் தாண்டினால், பஞ்ச் விலகி வில்லை வெளியே வரும்போது உள்ளே அடங்கியிருந்த விசை விரிந்து, தலைப்பகுதி தொப்பி போலக் கழன்றுகொள்ளும். கண்ணுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடலாம். உள்ளே மயிரிழை விரிசலாக ஒளிந்துகொண்டு ஃபர்னஸ் வரை போனால்தான் ஆபத்து. சுவர் உராய்வால் நடுப்பகுதிக்கு அழுத்தம் குறைவாகப் போகும். அங்கே அடர்த்தி குறையும், சுடும்போது அந்த இடம் அதிகமாகச் சுருங்கி வில்லை இடுப்பு ஒடுங்கி வெளியே வரும். மேலும் கீழும் இரண்டு பஞ்சாலும் அழுத்துவது இதைக் குறைக்கத்தான். மிச்சத்தை அரைத்து, மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் விட்டத்தைச் சரி செய்கிறார்கள்.

அழுத்தி எடுத்த, இன்னும் சுடாத பச்சை வில்லை, முழு அடர்த்தியில் பாதியைச் சற்றுத் தாண்டி இருக்கும். சுட்ட பிறகு 95 சதவீதத்துக்கு மேல் போகும். ஏன் 100 வரை போகக்கூடாது என்று யாருக்கும் தோன்றும். மிச்ச 5 சதவீத நுண்துளை வேண்டுமென்றே விட்டது. உலைக்குள் யுரேனியம் பிளக்கும்போது செனான், கிரிப்டான் போன்ற வாயுக்கள் உண்டாகும், வில்லை உப்பும். அந்த உப்பலுக்கு உள்ளே இடம் வேண்டும். எங்கள் வெண்கல புஷ்ஷிலும் துளையை வேண்டுமென்றுதான் விடுகிறோம், எண்ணெய் தங்குவதற்காக. துளையையும் ஒரு பொருளாக அளந்து வைக்க முடிவது பவுடர் மெட்டலர்ஜியின் பெரிய பலம் என்பது என் எண்ணம். உருக்கி ஊற்றும் முறையில் துளை என்றாலே குறைதான்.

இப்போது இந்த வில்லையின் பலவீனத்துக்கு வருவோம். யுரேனியம் டையாக்சைடு வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மோசம். அறை வெப்பத்தில் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 8 வாட் அளவில் இருக்கும் கடத்துதிறன், 1000 டிகிரியில் 3க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இரும்பு இதைவிடப் பல மடங்கு மேல். அதனால் உலை சாதாரணமாக ஓடும்போதே வில்லையின் நடுப்பகுதி 1000 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், விளிம்பு அதைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைவாக இருக்கும். இந்த வித்தியாசத்தில் வில்லை விரிசல் விடும். குளிர்நீர் இழந்த நொடியில் நடுவில் தேங்கிய இந்தச் சூடு முழுவதும் வெளியே பரவிக் குழாயைத் தாக்கும்.

வாயுக்கள் வேறு தனிக் கதை. வில்லைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் ஹீலியம் நிரப்பியிருப்பார்கள், ஹீலியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால். வில்லையிலிருந்து செனான் கசிந்து அங்கே சேர்ந்தால் கடத்துதல் கெட்டுப்போகும். அதனால் வில்லை மேலும் சூடாகும், சூடானதால் மேலும் வாயு கசியும். விபத்து நேரத்தில் இந்த வாயு அழுத்தம்தான் மென்மையாகிப்போன குழாயை ஊதி வெடிக்க வைக்கிறது.

ஆக இரண்டு வேலை: வெப்பம் சீக்கிரம் வெளியேற வேண்டும், வாயு உள்ளேயே தங்க வேண்டும்.

இரண்டாவது வேலைக்கு எளிய வழி, வில்லைக்குள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் நுண்ணிய படிக மணிகளைப் பெரிதாக்குவது. சாதாரண வில்லையில் ஒரு மணியின் அளவு 10 மைக்ரானையொட்டி இருக்கும். மணியின் நடுவில் உண்டாகும் வாயு அணு, விளிம்பு வரை நகர்ந்தால்தான் தப்ப முடியும். மணி 50 மைக்ரானாக வளர்ந்தால் அந்தப் பாதை நீளும். இதற்குப் பொடியோடு குரோமியம் ஆக்சைடை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுற்றி, அவ்வளவுதான். அது சின்டரிங்கின்போது யுரேனியம் அணுக்களின் நகர்வை எளிதாக்கி மணியை வளர்க்கிறது. கூடவே வில்லை சூட்டில் கொஞ்சம் இளகிக் கொடுப்பதால் குழாயைக் குத்துவதும் குறைகிறது. அலுமினாவையும் (அலுமினியம் ஆக்சைடு) சேர்க்கும் வகை உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபர்னஸ் பக்கம். ஹைட்ரஜன் மிகவும் உலர்ந்திருந்தால் குரோமியம் ஆக்சைடு உலோகக் குரோமியமாக மாறிவிடும், மணி வளராது. எனவே ஹைட்ரஜனில் ஈரத்தை அளந்து விட வேண்டும். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். எங்கள் ஃபர்னஸில் வாயுவின் பனிநிலையை, அதாவது அதில் எவ்வளவு ஈரம் என்பதைக் காட்டும் மீட்டரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்து எழுதி வைக்கிறோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, எத்தனையோ பெரிய பொறுப்போடு நடக்கும் வேலையிலும் ஒருவர் அதே போன்ற மீட்டரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

முதல் வேலைக்கு, அதாவது வெப்பத்தை வெளியேற்ற, நன்றாகக் கடத்தும் ஒன்றை உள்ளே கலக்க வேண்டும். பெரிலியம் ஆக்சைடை கன அளவில் 10 சதவீதம் சேர்த்தால் கடத்துதிறன் பாதி மடங்கு வரை கூடுகிறது. நியூட்ரானையும் விழுங்காது. ஆனால் பெரிலியம் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பொடி வேலையில் தூசு எப்படிப் பரவும் என்று தெரிந்தவன் என்ற முறையில், தினமும் அதைக் கையாளும் தொழிலாளியை நினைத்தால் எனக்கு இந்த வழியில் மனம் ஒப்பவில்லை. கொரியாவில் மாலிப்டினத்தைப் பிடித்தார்கள். வெறுமனே கலக்கவில்லை. யுரேனியம் டையாக்சைடு குருணைகள் ஒவ்வொன்றின் மேலும் மாலிப்டினப் பொடியைப் போர்த்தி அழுத்திச் சுட்டார்கள். குருணைகள் அறைகளாகவும் மாலிப்டினம் சுவராகவும் ஆகிவிடும். அதே அளவு மாலிப்டினம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தால் பலன் கொஞ்சம்தான். தொடர்ச்சியான சுவராக ஓடினால் வெப்பம் அதன் வழியே ஓடிவிடும். எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பொடியில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் சுதந்திரம் இது.

இன்னும் துணிந்தவர்கள் ஆக்சைடையே விட்டுவிடலாம் என்கிறார்கள். மூன்று யுரேனியத்துக்கு இரண்டு சிலிக்கான் சேர்ந்த சிலிசைடு, யுரேனியம் நைட்ரைடு இரண்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஒரே கன அளவில் அதிக யுரேனியமும் தாங்கும். காகிதத்தில் அருமை. பொடியாக்கினால் காற்றில் பற்றிக்கொள்ளும் என்பதால் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் வேலை. நைட்ரைடில் சாதாரண நைட்ரஜன் நியூட்ரானை விழுங்கிக் கதிரியக்கக் கார்பனாக மாறும். அதைத் தவிர்க்க நைட்ரஜன்-15 வேண்டும், இயற்கை நைட்ரஜனில் அது அரை சதவீதம்கூட இல்லை. இவை எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். குழாயில் ஓட்டை விழுந்து சூடான தண்ணீரோ நீராவியோ தொட்டால் சிலிசைடும் நைட்ரைடும் வினைபுரிந்து உதிர்ந்துபோகும். விபத்து என்றாலே எரிபொருளை நீராவி தொடப்போகும் நேரம்தானே? மோசமாக வெப்பம் கடத்தும் டையாக்சைடு அந்த இடத்தில் அசைந்து கொடுக்காமல் நிற்கிறது. தண்ணீரோடு இருக்கும் இந்தப் பொறுமைக்காகவே அறுபது எழுபது ஆண்டுகளாக அதை யாராலும் தள்ள முடியவில்லை. ஆராய்ச்சி தொடரட்டும். தண்ணீரால் குளிரும் உலைகளுக்கு என் ஓட்டு, குரோமியம் சேர்த்த டையாக்சைடுக்கும் பூச்சு போட்ட குழாய்க்கும்தான். இருக்கும் பிரஸ்ஸிலும் இருக்கும் ஃபர்னஸிலும் செய்ய முடிவதே ஒரு பாதுகாப்பு. புதுப் பொருளில் புதுத் தவறுகள் ஒளிந்திருக்கும், பழகிய பொருளின் குணம் நமக்குத் தெரியும்.

வேறு வகைப் பொடிகளில் நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலை (ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் வகை உலை), யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த கார்பைடு வில்லைகளில் ஓடியது. காற்றுப்படாமல் செய்ய வேண்டிய கடினமான சரக்கு அது. அங்கே குளிர்விப்பது தண்ணீர் அல்ல, திரவச் சோடியம். அதனால் கார்பைடு அங்கே பொருந்தியது.

கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீரைப் பயன்படுத்தும் நம் நாட்டுக் கனநீர் உலைகளுக்கு வில்லைகளை ஹைதராபாத்தில் உள்ள அணு எரிபொருள் வளாகம் 1970களிலிருந்து செய்துவருகிறது. இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்த உலைகள் பெரும்பாலும் செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தில் ஓடுகின்றன. அதில் பிளக்கக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். நியூட்ரான் கணக்கில் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலை. குரோமியமும் மாலிப்டினமும் கொஞ்சம் கொஞ்சம் நியூட்ரானை எடுத்துக்கொள்பவை. செறிவூட்டிய யுரேனியம் போடும் நாடுகள் செறிவைச் சற்றுக் கூட்டி அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும். நம்மால் அப்படி முடியாது. எனவே வெளிநாட்டில் வென்ற கலவையை அப்படியே எடுத்துப்போட வழியில்லை. அதே சமயம் கனநீர் உலையில், எரிபொருள் இருக்கும் குழாய்களைச் சுற்றிப் பெரிய தொட்டி நிறையக் குளிர்ந்த கனநீர் நிற்கிறது. குளிர்விப்பு போனாலும் அது கொஞ்ச நேரம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நம் உலைக்கு அமைப்பிலேயே கொஞ்சம் நேரம் இருக்கிறது. வில்லையில் எவ்வளவு நேரம் தேடுவது என்ற கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சித்தப்பாவிடம் இவ்வளவையும் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் புது வில்லை நல்லதுன்னு எப்படிப்பா தெரியும்?" சோதனை உலைக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்து, எடுத்து, தடிமனான ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் இயந்திரக் கையால் வெட்டி, மணியையும் துளையையும் வாயுவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இப்போது பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கணினிப் பக்கம் மட்டும் பார்க்காமல் இந்தப் பக்கமும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இயற்கை யுரேனியத்துக்குப் பொருந்தும், நியூட்ரானை அதிகம் விழுங்காத, மணியை வளர்க்கும் ஒரு சேர்க்கையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. பொடியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் எனக்கு எழுதினால், எனக்குத் தெரிந்த பிரஸ், ஃபர்னஸ் விஷயங்களைச் சொல்லித்தர நான் தயார்.